கோல்ஃப் ஆட்டத்தில் ஈடு

மைசூரில் சாமுண்டி மலையடிவாரத்தை நோக்கிச் செல்வோர் குதிரைப் பந்தய வெளியைக் கண்டிருப்பர். அவ்வெளியினுள்ளேயே கோல்ஃப் ஆட்டக் களமும் அமைந்திருப்பதைப் பலர் கவனித்திரார். ஜயசாமராஜ உடையாரின் பெயர் தாங்கிய கழகத்தைச் சார்ந்தது அக்களம். மைசூரின் கடைசி மன்னரான அவர், 1964 முதல் 1966 வரை சென்னை மாநிலத்தின் ஆளுநராகவும் விளங்கியவர். சென்னைக் கிண்டியிலும் பந்தய வெளிக்குள் கோல்ஃப் ஆடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. குதிரையும் கோல்ஃபும் நிலத்தை மட்டுமன்றி ஒரு சொல்லையும் பங்கிட்டுக்கொண்டுள்ளன. 'ஹேண்டிகேப்' என்பதே அச்சொல்.

அகராதியைப் புரட்டினால் இச்சொல்லுக்குக் 'குறைபாடு', 'இடையூறு' என்ற பொருள்களே முன்னிற்கும். அவற்றை இங்கே பெய்து மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். 'தொப்பிக்குள் கை' என்பதே இதன் மூலம். இங்கிலாந்தில் இருவர் பொருள்களை மாற்றிக்கொள்ள விரும்பினால், நடுவர் ஒருவர் இரண்டின் மதிப்பையும் ஆய்ந்து, குறைந்ததை வைத்திருப்பவர் மேற்கொண்டு தரவேண்டிய தொகையைச் சொல்வார். பணயப் பணம் தொப்பிக்குள் இருக்கும். 1660-ஆம் ஆண்டிலேயே சாமுவேல் பீப்பிஸ் தம் நாட்குறிப்பில் இவ்வாட்டத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். பின்னர் இது குதிரைப் பந்தயத்திற்குச் சென்றது. வலிய குதிரையின் சேணத்தில் ஈயத் தகடுகளை ஏற்றி எடையைக் கூட்டினர். அதன் பின்னரே கோல்ஃப் ஆட்டத்திற்கு வந்தது. ஆக, ஏற்றத்தாழ்வை நிரவும் 'ஈடு' என்பதே இதற்கு ஏற்ற தமிழ் என நாம் கருதுகிறோம்.

கோல்ஃபில் குறைந்த அடிகளில் 18 குழிகளையும் முடிப்பவரே வெல்பவர். தேர்ந்தவர் ஒருவர் ஒரு குழிக்கு எடுக்கவேண்டிய அடிகளின் எண்ணிக்கையைப் 'பார்' என்பர். ஈட்டெண் 6 உடையவரும் 20 உடையவரும் எதிரெதிரே ஆடினால், பின்னவர்க்கு 14 அடிகள் சலுகையாகக் கிடைக்கும். அவற்றை அவர் விரும்பிய இடத்தில் கழித்துக்கொள்ள இயலாது. குழிகள் கடுமைக்கேற்ப 1 முதல் 18 வரை அட்டையில் வரிசையிடப்பட்டிருக்கும். முதல் 14 வரிசைக் குழிகளில் ஒவ்வோரடியாக அச்சலுகை கழியும். ஐம்பது வயதுத் தந்தையும் இருபது வயது மகனும் உண்மையாகவே போட்டியிடக்கூடிய ஆட்டங்கள் உலகில் மிகச் சில. இது அவற்றுள் ஒன்று.

முன்பு உலகில் ஆறு வெவ்வேறு கணக்கு முறைகள் வழங்கின. 2020-ஆம் ஆண்டு முதல் அவற்றுக்குப் பதிலாக ஒரே உலக முறை வந்தது. இதன்படி ஒவ்வொரு களத்திற்கும் இரண்டு எண்கள் உண்டு. சிறந்த ஆட்டக்காரர் அங்கே எடுக்கக்கூடிய அடிகளைக் காட்டுவது முதலாவது. அவரைவிடச் சாதாரண ஆட்டக்காரருக்கு அக்களம் எவ்வளவு கடினம் என்பதைக் காட்டுவது இரண்டாவது. இரண்டாம் எண் 55 முதல் 155 வரை இருக்கலாம், 113 நடுத்தரம். களமதிப்பு 70, கடுமை 120 உள்ள இடத்தில் ஒருவர் 94 அடிகள் எடுத்தார் எனக் கொள்வோம். மிகுதியான 24-ஐ 113-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் 22.6 வரும். இவ்வாறு கடைசி 20 ஆட்டங்களுக்கு எண் கண்டு, அவற்றுள் சிறந்த எட்டின் சராசரியை எடுத்தால் அதுவே அவருடைய ஈட்டெண்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. எட்டு நல்ல நாட்களின் சராசரியே தவிர, இருபது நாட்களின் சராசரி அன்று இது. எனவே தம் எண்ணுக்கேற்ப ஒருவர் ஆடுவது நான்கைந்து ஆட்டங்களுக்கு ஒருமுறையே நிகழும். இதையறியாதார் ஒவ்வொரு வாரமும் மனம் நொந்து, புதிய மட்டை வாங்கக் கடைக்கு ஓடுகின்றனர்!

ஆட்டத்தைத் திருத்திக்கொள்ள விரும்புவோர்க்கு மட்டையைவிட அட்டையே உதவும். ஈட்டெண் 18 உடையவர்க்கு நான்கடிக் குழியில் ஐந்தடிகள் தோல்வி அல்ல. அவருக்குரிய 'பார்' அதுவே. எனவே இடையே நீர்நிலை குறுக்கிட்டால் ஒரே வீச்சில் தாண்ட முயலாமல், முன்னே நிறுத்தி அடுத்த அடியில் கடக்கலாம். ஒரு குழியில் எத்தனை அடிகள் வீணானாலும், ஈட்டெண் கணக்கிற்கு, பார் எண்ணுடன் இரண்டும், அக்குழிக்குரிய சலுகையடியும் சேர்ந்த அளவுக்கு மேல் எழுதுவதில்லை. இவ்வரம்பைத் தொட்ட குழிகளை அட்டையில் வட்டமிட்டு வருக. குழியருகேயுள்ள புற்றரையில் மெல்ல உருட்டிய அடிகளையும், தண்டனை அடிகளையும் தனியே குறித்து வருக. பத்து அட்டைகளுக்குள் கசிவு எங்கே என்பது தெரிந்துவிடும். சிலர்க்கு அது முதல் நீண்ட வீச்சில் இருக்கும். வேறு சிலர்க்குக் கடைசி முப்பது கெஜத்தில் இருக்கும்.

இம்முறை முழுவதும் உண்மையான அட்டையை நம்பியே நிற்கிறது. பரிசுக்காகத் தீய ஆட்டங்களை மட்டும் பதிவுசெய்து எண்ணை உயர்த்துவோர் உண்டு. பெருமைக்காக நல்லவற்றை மட்டும் காட்டுவோரும் உண்டு. முன்னவர் பிறரை ஏய்க்கிறார். பின்னவரோ தமக்குரிய சலுகையை இழந்து தோற்கிறார். மேலதிகாரியுடன் ஆடும் இளம் அலுவலர், அவர் தவறவிட்ட அடியைக் காணாதது போல் இருப்பதும் இவ்வகையே. அட்டையில் சான்றொப்பமிடும் இளைஞருக்கு அது எளிய சோதனையன்று.

புதியவர்கள் தொடங்குவது எளிது. மொத்தம் 54 குழிகள், அதாவது மூன்று முழு ஆட்டங்களின் அட்டைகள், உடன் ஆடியவரின் ஒப்பத்துடன் கழகத்தில் சேர்ந்தால் போதும். அவற்றுள் சிறந்ததிலிருந்து 2 கழித்து முதல் எண்ணைத் தருவர். 54 வரை எவ்வெண்ணும் செல்லும். இருபது அட்டைகள் சேரும்வரை அது சற்றே தள்ளாடும், அதன்பின் நிலைபெறும்.