60 சென்டிமீட்டர் சேறு

லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குத் தெற்கே பாலோஸ் வெர்டிஸ் என்றொரு நிலமுனை பசிபிக் கடலுக்குள் நீண்டிருக்கிறது. அதை ஒட்டிய கடலடியில், சுமார் 60 மீட்டர் ஆழத்தில், ஒரு சேற்றுப் படலம் கிடக்கிறது. மிகத் தடித்த இடத்திலும் அது 60 சென்டிமீட்டர்தான். நின்றால் முழங்காலுக்குச் சற்று மேலே வரும். அதில் பெரும்பங்கு ஒரு மாநகரத்தின் சாக்கடை. 1937 முதல் குழாய் வழியே அங்கே விடப்பட்ட கழிவுநீரில் வந்த திடப்பொருள் அது.

அந்தத் துகள்கள் மிக நுண்ணியவை. நீரோட்டம் அவற்றை நெடுந்தூரம் அடித்துப்போயிருக்க வேண்டும். ஆனால் உப்புநீரைத் தொட்டதுமே அவற்றின் குணம் மாறிவிடுகிறது. நன்னீரில் ஒன்றையொன்று விலக்கிய மின்னூட்டத்தை உப்பு தணித்துவிட, துகள்கள் ஒட்டிக்கொண்டு கொத்தாகின்றன. இதற்குத் திரளல் என்று பெயர். கொத்து கனத்து, அருகிலேயே இறங்குகிறது.

1947இல் டாரன்ஸ் பகுதியில் மான்ட்ரோஸ் நிறுவனத்தின் டிடிடி என்னும் பூச்சிக்கொல்லி ஆலை இயங்கத் தொடங்கியது. அதன் கழிவும் பல ஆண்டுகள் இதே சாக்கடையில் சேர்ந்தது. டிடிடி நீரில் கரைய மறுக்கும் பொருள். ஒரு கிராமைக் கரைப்பதற்கே பல தண்ணீர் லாரிகள் வேண்டும். கொழுப்பும் மட்கும் பொருளும் கிடைத்தாலோ உடனே பற்றிக்கொள்ளும். சாக்கடைத் துகளில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. பெருங்கடலில் கரைந்து காணாமல் போகும் என்று நினைத்த நஞ்சு, துகள்மேல் ஏறிக் குழாய்வாயின் பக்கத்திலேயே தங்கிவிட்டது. சுமார் 100 டன்.

சேற்றுக்குள் குழாயைச் செங்குத்தாக இறக்கி, உருளையாக எடுத்து, அடுக்கடுக்காக நறுக்கி ஆய்ந்தால் இந்த வரலாறு அப்படியே தெரிகிறது. மேற்பரப்பில் டிடிடி குறைவு. பல இடங்களில் சுமார் 30 சென்டிமீட்டர் கீழே அது உச்சத்தைத் தொடுகிறது. அதற்கும் அடியில், ஆலைக்கு முந்தைய காலத்துச் சேற்றில், மீண்டும் அருகிவிடுகிறது. ஆலைக்கழிவைச் சாக்கடையில் விடுவது 1971 வாக்கில் நின்றதும், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் முறை மேம்பட்டதுமே மேலடுக்கு தெளிந்ததற்குக் காரணம்.

இந்த நஞ்சைப் புதைத்ததில் யாரும் எதிர்பாராத ஒரு கூட்டாளியும் உண்டு. 1956இல், முனையின் மேலே சாலை நீட்டிப்பு வேலை நடந்தபோது, போர்ச்சுகீஸ் பெண்ட் என்ற இடத்தில் பழைய நிலச்சரிவு ஒன்று மீண்டும் நகரத் தொடங்கியது. வீடுகள் உடைந்தன. சரிந்த மண்ணின் அடிவாரத்தை அலைகள் அரித்து, இலட்சக்கணக்கான டன் மண்ணைக் கடலடியில் பரப்பின. மனிதர் கிளப்பிய ஒரு கேடு, மனிதர் கொட்டிய இன்னொன்றின்மேல் போர்வையானது!

இதைவிட வியப்பானது சுத்திகரிப்பின் விளைவு. கழிவுநீர் தெளியத் தெளிய, அதில் வரும் திடப்பொருள் குறைகிறது. கெல்ப் என்னும் பெரும் கடற்பாசிக் காடுகள் அங்கே மீண்டெழ அது உதவியது. ஆனால் பழைய நஞ்சை மூடுவதற்கு வரும் புதுச் சேறும் குறைந்துபோனது. சுத்திகரிப்பைக் குறைசொல்ல இதில் எதுவுமில்லை. கடலடியின் கணக்கு அவ்வளவு சிக்கலானது என்பதுதான் செய்தி.

புதைந்ததும் சும்மா கிடப்பதில்லை. புழுக்களும் வளைதோண்டும் இறால்களும் சேற்றைத் தின்று, துளையிட்டு, கீழிருப்பதை மேலே தள்ளுகின்றன. இந்த உயிர்க்கலக்கல் பெரும்பாலும் மேல் 10 சென்டிமீட்டருக்குள் நடப்பது. சில உயிர்கள் அதைவிட ஆழமாகவும் போகும். அவற்றைத் தின்னும் மீனின் கொழுப்பில் நஞ்சு சேர்கிறது. மீனைத் தின்னும் பறவையில் இன்னும் செறிகிறது. டிடிடி சிதைந்து உண்டாகும் டிடிஇ முட்டை ஓட்டை மெலியச் செய்யும். 1970இல் இதே கடற்பகுதியின் அனகாபா தீவில் பழுப்புக் கூழைக்கடாக்கள் 550க்கு மேற்பட்ட கூடுகள் கட்டின. பிழைத்தது ஒரே ஒரு குஞ்சு.

2000இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, கப்பலிலிருந்து மணலைக் கொட்டிச் சேற்றை மூடிப் பார்த்தது. விழும் மணலே பழைய சேற்றைக் கிளப்பிவிடக்கூடும் என்பதால், எவ்வளவு மெதுவாகக் கொட்டுவது என்பதே தனிப் பொறியியலானது. அதேவேளை, காற்றுப் புகாத அடிச்சேற்றில் பாக்டீரியாக்கள் தம் போக்கில் வேலை செய்கின்றன. டிடிஇ மூலக்கூறிலிருந்து குளோரின் அணுவைப் பிடுங்கி, அதை வேறொரு பொருளாக மாற்றுகின்றன. வேகம் இடத்துக்கு இடம் மாறும். ஓரிடத்தில் விரைந்து நடப்பது, சற்றுத் தள்ளிப் பல பத்தாண்டுகள் இழுக்கும்.