'கூகுள்', 'குருணை', 'போதும்': இந்தியாவில் குழந்தைகளுக்கு இப்படியெல்லாம் பெயர் வைப்பது ஏன்?

பெங்களூருவில் வேலை பார்ப்பவர் என்றால் மைசூர் சாலையில் பிடதி வரை ஒருமுறையாவது போயிருப்பீர்கள். அதற்கு அருகில் பத்ராபுரா என்று ஒரு கிராமம். அந்த ஊரில் 'கூகுள்' என்று கூப்பிட்டால் ஒரு பையன் திரும்பிப் பார்ப்பான். 'காபி', 'மைசூர் பாக்', 'ஹைகோர்ட்' எல்லாமே அங்கே ஆட்களின் பெயர்கள்தான்.

இங்கே வசிப்பவர்கள் ஹக்கி பிக்கி பழங்குடியினர். கன்னடத்தில் 'ஹக்கி' என்றால் பறவை. பறவை பிடிப்பது தொழிலாக இருந்ததால் வந்த பெயர் அது. இவர்கள் வீட்டில் பேசும் வாக்ரிபோலிதான் நம்ம ஊர் நரிக்குறவர்களின் மொழியும். காட்டில் அலைந்து திரிந்த காலத்தில் பக்கத்தில் இருந்த ஆறோ மலையோ குழந்தைக்குப் பெயராகும் என்கிறார்கள். ஊருக்குள் குடியமர்ந்த பிறகு கண்ணில் பட்டது கோர்ட்டும் காபியும். பெயர் வைக்கும் முறை அப்படியேதான் இருக்கிறது. சுற்றி இருக்கும் பொருட்கள்தான் மாறிவிட்டன.

சிரிப்பு வந்தால் தப்பில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். தேர்தல் நேரத்தில் மேகாலயாவின் ஃபிராங்கன்ஸ்டைன் மோமின், அடால்ஃப் லூ ஹிட்லர் மரக் போன்ற அரசியல்வாதிகளின் பெயர்களை நாம் ஃபார்வர்டு செய்கிறோம். 'ஸ்டாலின்' என்ற பெயரில் நமக்கு ஒரு விநோதமும் தெரிவதில்லை. மு.க.ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1. சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தது மார்ச் 5. இரங்கல் கூட்டத்தில் வைத்தே மகனுக்கு அந்தப் பெயரை அறிவித்தார் கருணாநிதி. காதுக்குப் பழகிவிட்டால் எந்தப் பெயரும் சாதாரணப் பெயர்தான்.

சட்டம் இதையெல்லாம் தடுக்காதா என்று கேட்கலாம். ஐஸ்லாந்திலும் டென்மார்க்கிலும் அனுமதிக்கப்பட்ட பெயர்களுக்குப் பட்டியலே உண்டு. இந்தியாவில் அப்படி ஒரு பட்டியல் கிடையாது.

சொல்லே இல்லாத பெயரும் இங்கே உண்டு. மேகாலயாவின் கிழக்கு காசி மலை மாவட்டத்தில் இருக்கும் கொங்தாங் கிராமத்தில், குழந்தை பிறந்ததும் தாய் அதற்கென்று தனியாக ஒரு மெட்டு உருவாக்குகிறார். பக்கத்தில் இருக்கும்போது கூப்பிட ஒரு சின்னத் துணுக்கு, மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கூப்பிட நீளமான மெட்டு. இந்த வழக்கத்தை 'ஜிங்ர்வாய் இயாவ்பெய்' என்கிறார்கள். 'இயாவ்பெய்' என்பது குலத்தின் முதல் தாயைக் குறிக்கும் சொல். காசி மக்கள் தாய்வழிச் சமூகத்தினர் என்பதால் பெயரும் தாயிடமிருந்தே வருகிறது. மெட்டை எந்த விண்ணப்பப் படிவத்திலும் நிரப்ப முடியாதே! அதற்காக எல்லோருக்கும் வழக்கமான பெயர் ஒன்றும் இருக்கிறது.

எமனை ஏமாற்றும் பெயர்கள்

இனி வருபவை உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கக்கூடிய பெயர்கள். தாத்தா பெயர் பிச்சையா? பாட்டி குப்பம்மாளா? 'உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்' என்று சின்ன வயதில் யாராவது சொல்லி உங்களை அழவிட்டிருக்கிறார்களா?

அந்தக் கேலிக்குப் பின்னால் ஒரு காலத்தில் உண்மையாகவே நடந்த சடங்கு இருக்கிறது. அடுத்தடுத்துப் பிள்ளைகள் இறந்துபோன வீட்டில் இன்னொரு குழந்தை பிறந்தால், பெற்றவள் அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள மாட்டாள். வேறொரு பெண்ணிடம் கொடுத்து, கொஞ்சம் தவிட்டை வாங்கிக்கொள்வாள். இல்லையென்றால் குப்பை மேட்டில் குழந்தையைக் கிடத்தி, 'யாரோ போட்டது' என்பது போல எடுத்து வருவார்கள். எமன் தேடி வருவது இந்த வீட்டுப் பிள்ளையை. இதுதான் இந்த வீட்டுப் பிள்ளையே இல்லையே! குப்பன், குப்புசாமி, பிச்சை, மண்ணாங்கட்டி எல்லாம் இப்படிப் போட்ட வேடங்கள்தான். இன்று உலகமே உச்சரிக்கும் சுந்தர் பிச்சையின் பெயரில் இருக்கிறதே, அந்த 'பிச்சை' என்ற சொல் தமிழ் வீடுகளில் பெயராக நுழைந்ததும் இந்த வழியில்தான்.

இது தமிழர்களுக்கு மட்டுமே உரிய தந்திரம் இல்லை. வங்காளத்தில் மிதுனாபூர் பக்கம் ஒரு தம்பதியின் இரண்டு ஆண் குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்தன. 1889-ல் அடுத்த மகன் பிறந்ததும், மூத்த மகளே மூன்று பிடி குருணை கொடுத்துத் தம்பியை 'வாங்கிக்கொண்டாள்'. வங்காளத்தில் குருணைக்கு 'குத்' என்று பெயர். அதனால் பையன் குதிராம் ஆனான். ஆமாம், 1908 ஆகஸ்ட் 11 அன்று 18 வயதில் பிரிட்டிஷ் அரசு தூக்கிலிட்ட அதே குதிராம் போஸ்தான். அங்கேயே தீன்கொரி, பாஞ்ச்கொரி என்ற பெயர்களும் உண்டு. மூன்று சோழிக்கு, ஐந்து சோழிக்கு வாங்கிய பிள்ளைகள் என்று அர்த்தம்.

ஒடியா உரைநடையின் முன்னோடி ஃபகீர் மோகன் சேனாபதிக்கு 1843-ல் வைத்த பெயர் பிரஜ மோகன். நோஞ்சான் குழந்தை. பேரன் பிழைத்தால் அவனைப் பக்கீர் ஆக்கிவிடுகிறேன் என்று பாட்டி இஸ்லாமியப் பீர்களிடம் வேண்டிக்கொண்டார். பிழைத்துவிட்டான். பாட்டிக்கு நிஜமாகவே விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அதனால் பெயரை மாற்றிவிட்டு, மொகரம் நாட்களில் மட்டும் பக்கீர் வேடம் போட்டு விட்டார். ஃபகீரும் நம்ம பிச்சையும் ஏறக்குறைய ஒரே பெயர் என்பதைக் கவனித்தீர்களா? மராத்தியில் தகடு, தோண்டு என்று வைப்பார்கள். இரண்டுக்கும் கல் என்று பொருள். கல்லை யார் கொண்டுபோகப் போகிறார்கள்? பெண் கல்விக்காக உழைத்து 1958-ல் பாரத ரத்னா பெற்ற தோண்டோ கேசவ் கார்வே, பெயருக்கு ஏற்றபடி 104 வயது வரை இருந்தார்.

இந்தப் பெயர்கள் இப்போது ஏன் இல்லை? நாகரிகம் வந்துவிட்டது என்பது பாதி பதில்தான். 2020-ம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறைக் கணக்குப்படி, இந்தியாவில் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை 28. தமிழ்நாட்டில் 13. நம் கொள்ளுப் பாட்டிகளின் காலத்தில் இது பல மடங்கு அதிகம். தடுப்பூசியும் பிரசவ வார்டும் வந்த பிறகு எமனை ஏமாற்ற வேண்டிய தேவை குறைந்தது. கூடவே குப்பனும் குறைந்தான்.

'போதும்' என்பதும் பெயர்தான்

மேலோட்டமாகப் பார்த்தால் அடுத்த வகையும் இதைப் போலத்தான் தெரியும். தமிழ்நாட்டில் 'வேண்டாம்', 'போதும்பொண்ணு'. மகாராஷ்டிராவில் 'நகுசா', அதாவது வேண்டாதவள். வட மாநிலங்களில் 'அந்திம்', கடைசி. இந்தப் பெண்ணுக்கு இப்படிப் பெயர் வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்பது நம்பிக்கை. (குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் குரோமோசோம். மகளின் பெயருக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.)

குப்பன் என்று கூப்பிட்ட தாய் பொய் சொன்னாள். உள்ளுக்குள் அவன் தங்கம். குப்பை என்றது எமனுக்காக. நகுசா என்பதில் அந்தப் பொய் கிடையாது. நினைத்ததை அப்படியே சொல்லிவிட்டார்கள். ஒரு பெயர் 'இந்தப் பிள்ளை இருக்கட்டும்' என்று கெஞ்சுகிறது. இன்னொன்று 'நீ வந்திருக்க வேண்டாம்' என்று அந்தப் பெண்ணிடமே தினமும் சொல்கிறது. பள்ளி வருகைப் பதிவேட்டில், ஹால் டிக்கெட்டில், கல்யாணப் பத்திரிகையில் என்று அது கூடவே வரும். இரண்டையும் 'வினோதப் பெயர்கள்' என்று ஒரே பட்டியலில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

2011 அக்டோபரில் மகாராஷ்டிராவின் சதாரா மாவட்ட நிர்வாகம் ஒரு விழா நடத்தியது. நகுசா என்ற பெயரோடு இருந்த 285 பெண்கள் தங்களுக்குப் பிடித்த பெயரைத் தேர்ந்தெடுத்து, புதுப் பெயரில் சான்றிதழ் வாங்கினார்கள். ஹரியாணாவின் மல்யுத்த வீராங்கனை அந்திம் பங்கால் வேறு மாதிரி. வீட்டில் நான்காவது மகள். பெண் பிள்ளை இத்தோடு போதும் என்று வைத்த பெயர். 2022-ல் 20 வயதுக்கு உட்பட்டோருக்கான மல்யுத்தத்தில் உலகச் சாம்பியன் ஆன முதல் இந்தியப் பெண் அவர். 2023-ல் மீண்டும் வென்றார். பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

மாற்ற நினைத்தால்?

பிரமாணப் பத்திரம், நாளிதழ் விளம்பரம், அரசிதழ் அறிவிப்பு. இதுதான் பொதுவான வழி. அதன்பிறகு ஆதார், பான், வங்கி, பட்டப்படிப்புச் சான்றிதழ் என்று ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும். அதில்தான் ஆள் ஓய்ந்துவிடுவார். சான்றிதழில் பெயர் மாற்றுவது தொடர்பான சிபிஎஸ்இ வழக்கில், ஒருவரின் பெயர் அவருடைய கருத்துரிமையின் பகுதி, அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு அதைப் பாதுகாக்கிறது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இப்போதுதான் குழந்தை பிறந்திருக்கிறதா? அவசரப்பட வேண்டாம். பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்யலாம். 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகு 15 ஆண்டுகள் வரை கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் ரொம்பவும் தள்ளிப் போடாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் என எல்லாவற்றிலும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம்.

கணவன் மனைவிக்குள் பெயரில் ஒத்துப்போகவே இல்லை என்றால்? 2023-ல் கேரள உயர் நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. பிரிந்து வாழும் பெற்றோர் ஆளுக்கொரு பெயரைச் சொன்னார்கள். குழந்தைக்குப் பள்ளியில் சேரும் வயது வந்துவிட்டது, பிறப்புச் சான்றிதழிலோ பெயர் இல்லை. கடைசியில் நீதிமன்றமே பெற்றோர் ஸ்தானத்தில் நின்று பெயர் வைத்தது. குழந்தை அம்மாவுடன் இருப்பதால் அம்மா சொன்ன பெயர், அதன் பின்னால் அப்பாவின் பெயர்.