நரம்பும் விரலும்

கரிசல் மண் பரந்த விளாத்திகுளம் இசைக்கும் பெயர் பெற்ற ஊராகும். விளாத்திகுளம் சுவாமிகள் என வழங்கப்பெற்ற நல்லப்ப சுவாமிகள் (1889–1965) ஓர் இராகத்தையே மணிக்கணக்காக விரித்துப் பாடும் ஆற்றல் உடையவர். விளாத்திகுளத்துக்கு அண்மையிலுள்ள எட்டயபுரமோ நரம்புக் கருவிகளுக்கு உறைவிடமாய் விளங்கியது. வீணையில் வல்ல முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் அங்கேயே மறைந்தார். அவர்தம் இளவல் பாலுசுவாமி தீட்சிதர், மேனாட்டுப் பிடிலைக் கற்று அதனைக் கருநாடக இசைக்கு ஏற்ற கருவியாக்கியவருள் முன்னவர். எட்டயபுர அரசவையில் வித்துவானாக வீற்றிருந்தவர். பிடிலைப் போலவே கித்தாரும் கடல் கடந்து வந்து, இன்று தமிழ்நாட்டு இளைஞர் பலர் கையில் தவழ்கின்றது. வீணையாயினும் பிடிலாயினும் கித்தாராயினும், அதனை எடுத்தவுடன் விரைந்து வாசிக்கத் தொடங்குதல் தகாது. கையையும் தோளையும் முதலில் பதப்படுத்திக் கொள்ளல் வேண்டும். அஃது ஏன் என்பதைக் காண்போம்.

விரல் தானே இயங்குவதாக நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. விரல்களை மடக்கி அழுத்தும் வலிய தசைகள் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே முன்கையில் அமைந்துள்ளன. அவற்றினின்று கயிறு போல் நீளும் தசைநாண்களே விரல் எலும்புகளைப் பற்றி இழுக்கின்றன. பொம்மலாட்டத்தில் ஆடுவது பொம்மை. ஆட்டுவிப்பது மேலிருக்கும் கை அன்றோ? அதனை ஒத்ததே இதுவும். மணிக்கட்டின் உட்புறத்தே ஒரு குறுகிய வழி உண்டு. ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அவ்வழியே நெருங்கிச் செல்கின்றன. (யாழின் தந்திக்கும் உடலின் உணர்ச்சி இழைக்கும் நரம்பு என ஒரே பெயரிட்ட தமிழ் வழக்கு இங்கே நினைக்கத்தக்கது.) மணிக்கட்டை மிக வளைத்து நெடுநேரம் வாசித்தால் அவ்விடம் மேலும் நெருக்குண்டு, விரல் மரத்துப் போதலும் வலித்தலும் நேரக்கூடும்.

ஓய்ந்திருக்கும் தசையில் குருதியோட்டம் குறைவு. அது மெல்ல வேலை செய்யத் தொடங்கியதும் குருதிக் குழாய்கள் விரிகின்றன. தசை வெம்மை அடைகின்றது. வெம்மையுற்ற தசை விரைவாகச் சுருங்கி விரைவாகத் தளரும். நரம்பின் வழியே செய்தியும் விரைந்து செல்லும். வெயில் காயும் கரிசற்காட்டில் வாழ்வோருக்குக் கை குளிர்வது ஏது எனச் சிலர் வினவலாம். மார்கழி விடியலில் வீணை தொட்டவரும், குளிரூட்டிய அரங்கில் முறை வரும்வரை காத்திருந்தவரும் அவ்வாறு வினவார். மேலும், வெளியே எத்துணை வெயில் இருப்பினும், இயங்காதிருந்த தசை இயக்கத்தாலன்றிப் பதமாவதில்லை.

தொடங்க வேண்டிய இடம் தோள். தோள்களை முன்னும் பின்னும் மெல்லச் சுழற்றுக. கைகளைத் தளர்த்தி வீசுக. பின்னர் முழங்கை, அதன்பின் மணிக்கட்டு. கை சில்லென்றிருப்பின் இளஞ்சூடான நீரில் சிறிது நேரம் வைத்தலும் நன்று. விரல்களைப் பிடித்து முறுக்குதலும், சொடக்கு எடுத்தலும், குளிர்ந்த கையை வலிந்து பின்னே வளைத்தலும் பயன் தாரா. இதன் பின்னரே கருவியை எடுத்தல் வேண்டும். அப்போதும் முதலில் ஒவ்வொரு விரலாகச் சவுக்க காலத்தில், ஒலி எழுதற்கு வேண்டிய அளவே அழுத்தி வாசித்தல் வேண்டும். கித்தாரின் தலைப்புறத்தில் மெட்டுகள் அகன்றும், உடற்புறம் செல்லச் செல்ல நெருங்கியும் இருக்கும். ஆதலின் விரல்களை மிக அகட்ட வேண்டாத நடுப்பகுதியில் தொடங்கி, அகன்ற இடத்துக்குப் பின்னர் வருதல் எளிது. வீணையிலோ தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் காட்டுவது கைக்கு மிக்க உழைப்பு. அதனை இறுதியில் வைத்துக் கொள்க.

இம்முறை நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரக் கானல்வரியில் யாழிலிருந்து இசையெழுப்பும் செயல்கள் எட்டெனக் கூறப்படுகின்றன. பண்ணுக்கு ஏற்ப நரம்புகளை அமைத்தல் அவற்றுள் முதலாவது. அகவிரலாலும் புறவிரலாலும் அவற்றைத் தடவிப் பார்த்தலும், ஏற்ற இறக்க முறையில் இசையை ஆராய்தலும் பின்னே வருவன. இவை யாழைச் சோதிக்கும் செயல்களே எனினும், யாழோடு விரலும் பதப்படுகின்றது என்பது வெளிப்படை. சரளி வரிசையை முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் எனப் படிப்படியாகச் சாதகம் செய்விப்பதும் இவ்வகையினதே. எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதர் 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூலை வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டே, தொடக்க மாணவர்க்கென 'பிரதமாப்பியாச புஸ்தகம்' என்னும் நூலையும் வெளியிட்டார். பெரும்புலவர் ஒருவர் முதற்பயிற்சியைச் சிறிதென எண்ணவில்லை.

விரல் நுனி காய்த்துப் போதல் தந்தி வாசிப்போர்க்கு இயல்பு. அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி எழுந்தால் உடனே நிறுத்துதல் வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பதை வீரமெனக் கருதுவோர் உளர், அஃது அறியாமையே. செருமனி நாட்டு இராபர்ட் சூமன் (1810–1856) இளமையில் பியானோ வாசிப்பில் பெரும்புகழ் பெற விழைந்தார். இருபத்திரண்டு வயதளவில் அவருடைய வலக்கை விரல் செயலிழந்தது. காரணம் இன்னதெனப் பலவாறு கூறுவர். விரலுக்கு வலிமையூட்டக் கருவியொன்றைப் பூட்டிப் பழகியதனை அவற்றுள் ஒன்றாகச் சொல்வர். பின்னர் அவர் இசை இயற்றுவதில் ஈடுபட்டு உலகப் புகழ் பெற்றார். ஆயினும் அவர் பியானோவுக்கென இயற்றியவற்றை மேடைதோறும் வாசித்துப் பரப்பியவர் அவர்தம் மனைவியார் கிளாராவே.