எலி, ஹாம்ஸ்டர் வளர்க்கிறீர்களா? கூண்டு எப்படி இருக்க வேண்டும்? சட்டமும் ஆய்வுகளும் கூறுவது என்ன?

பெங்களூரு: ஹாம்ஸ்டருடன் சேர்த்துக் கடையில் விற்கப்படும் சிறிய கம்பிக் கூண்டு, அதனை வீட்டுக்குக் கொண்டுசெல்லப் பயன்படலாம், வாழ்நாள் முழுவதும் அடைத்து வைக்கப் போதாது. இரவு நேரத்தில் ஹாம்ஸ்டர் கூண்டுக் கம்பியை விடாமல் கடித்துக்கொண்டிருந்தால் பலரும் அதை விளையாட்டு என்றே எண்ணுகின்றனர். ஆனால், இருப்பிடம் அதற்கு ஏற்றதாக இல்லை என்பதன் அறிகுறியாகவே ஆய்வாளர்கள் அதைக் கருதுகின்றனர்.

பெங்களூருவின் தென்கிழக்கே, ஓசூர் சாலையில், எலக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கும் இடையே அமைந்துள்ளது ஹெப்பகோடி. இத்தகைய பகுதிகளில் உள்ள சிறிய வாடகை வீடுகளில் நாய் வளர்ப்பது எளிதல்ல. அதனால், சிறிய இடமே போதும் என்ற எண்ணத்தில் ஹாம்ஸ்டர், வெள்ளை எலி ஆகியவற்றை நாடுவோர் உண்டு. உடல் சிறியது என்பதால் இருப்பிடமும் சிறியதாக இருக்கலாம் என்பது தவறான கணக்கு.

சட்டம் கூறுவது என்ன?

விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் பிரிவு 11(1)(இ), நியாயமான அளவு நடமாடுவதற்குப் போதிய நீளம், அகலம், உயரம் இல்லாத கூண்டில் எந்த விலங்கையும் அடைத்து வைப்பது குற்றம் என்கிறது. முதல் முறை குற்றத்திற்கான அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை மட்டுமே.

விற்பனைக் கடைகளுக்கு 2018-ஆம் ஆண்டில் தனி விதிகள் வெளியிடப்பட்டன. அவற்றில் ஹாம்ஸ்டர், கினிப் பன்றி, எலி வகைகள் ஆகியவையும் செல்லப்பிராணிகள் என்ற வரையறைக்குள் வருகின்றன. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்தக் கூடாது என்பதும் விதியாகும். ஆய்வகங்களில் வைக்கப்படும் எலிகளுக்கும், அவற்றின் எடைக்கேற்ப ஓர் எலிக்கு இவ்வளவு தரைப்பரப்பு என்று மத்திய அரசின் மேற்பார்வைக் குழு வழிகாட்டுதல் வகுத்துள்ளது.

ஆனால், வீட்டில் வளரும் எலிக்கு எத்தனை சென்டிமீட்டர் இடம் வேண்டும் என்று 1960-ஆம் ஆண்டுச் சட்டம் எண் எதையும் குறிப்பிடவில்லை. எனவே, பொறுப்பு வளர்ப்பவரையே சாருகிறது.

கூண்டின் அளவும் ஆழமும்

வீடுகளில் வளர்க்கப்படும் சிரிய ஹாம்ஸ்டர்களின் முன்னோர், 1930-இல் சிரியாவின் அலெப்போ அருகே வளை தோண்டிப் பிடிக்கப்பட்டவை. அப்பகுதியில் இயற்கையாக வாழும் ஹாம்ஸ்டர்களின் வளைகள் சராசரியாக 65 செ.மீ. ஆழத்தில் இருப்பதாகப் பின்னர் நடந்த கள ஆய்வு காட்டியது. மண்ணைக் குடைந்து உள்ளே வாழ்வது இவற்றின் இயல்பு.

சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 10, 40, 80 செ.மீ. ஆழத்தில் படுக்கைப் பொருள் நிரப்பிய கூண்டுகளில் ஹாம்ஸ்டர்களை வைத்து ஒப்பிட்டனர். 2006-இல் வெளியான அந்த ஆய்வின்படி, 10 செ.மீ. ஆழக் கூண்டில் இருந்தவை கம்பியை மிக அதிகமாகக் கடித்தன; 80 செ.மீ. ஆழத்தில் இருந்தவை ஒருமுறைகூடக் கடிக்கவில்லை. கூண்டின் பரப்பு குறைந்தால் கம்பி கடிப்பது அதிகரிக்கிறது என்பதை 2007-இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது.

ஒரு ஹாம்ஸ்டருக்குக் குறைந்தது 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் தேவை என்பது ஜெர்மனியின் விலங்கு நலக் கால்நடை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. ஓடுவதற்கான சக்கரம், முதுகு வளையாமல் ஓடும் அளவுக்குப் பெரிதாகவும், கால் சிக்காதபடி இடைவெளியற்ற பரப்புடனும் இருக்க வேண்டும்.

தனியாகவா, துணையுடனா?

வளர்ந்த சிரிய ஹாம்ஸ்டர்கள் தனித்து வாழ்பவை. இரண்டை ஒரே கூண்டில் விட்டால் சண்டையிட்டு உயிரிழக்கவும் கூடும். எலியோ கூட்டமாக வாழும் இயல்புடையது. அதைத் தனியாக அடைப்பதே துன்பம். ஒரே பாலினத்தைச் சேர்ந்த இரண்டு எலிகளையாவது சேர்த்து வளர்ப்பது நல்லது. ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் மூன்று வாரங்களில் குட்டிகள் பிறந்துவிடும். எலியையும் ஹாம்ஸ்டரையும் ஒருபோதும் ஒன்றாக வைக்கக் கூடாது.

எலிகள் ஏறி இறங்குவதில் தேர்ந்தவை என்பதால் அவற்றிற்குப் பல தளங்கள் கொண்ட உயரமான கூண்டு பொருந்தும். தளம் கம்பி வலையாக இருந்தால் பாதங்களில் புண் ஏற்படும். சமமான பலகை அல்லது துணி விரிக்கலாம்.

காற்றும் படுக்கையும்

எலிகளுக்கு மூச்சுக்குழாய்த் தொற்று எளிதில் வரும். சிறுநீரிலிருந்து எழும் அமோனியா அதை மோசமாக்கும். ஆகவே, காற்றோட்டம் குறைந்த கண்ணாடித் தொட்டி எலிக்கு ஏற்றதல்ல. நறுமணம் வீசும் தேவதாரு, பதப்படுத்தாத பைன் மரச்சீவல்களைத் தவிர்த்து, காகிதத்தால் ஆன படுக்கைப் பொருளைப் பயன்படுத்தலாம். மென்மையாக இருக்கும் என்று பஞ்சு வைப்பதும் ஆபத்தே. அதன் இழை கால்களில் சுற்றிக்கொள்ளும். விழுங்கினால் குடலை அடைக்கும்.

வெயிலும் வெளி எலிகளும்

பெங்களூருவின் வானிலை இதமானது என்றாலும், ஏப்ரல் மாத வெயில் விழும் பால்கனியும் தகரக் கூரை அறையும் இவ்விலங்குகளுக்கு உயிராபத்தானவை. மனிதரைப் போல வியர்த்து உடலைக் குளிர்விக்க இவற்றால் இயலாது. நேரடி வெயில், சமையல் புகை, தொலைக்காட்சி ஒலி ஆகியவை எட்டாத அறையின் உட்புறமே கூண்டுக்கு உரிய இடம்.

சிந்திய தானியம் வெளி எலிகளை ஈர்க்கும்; அவற்றின் சிறுநீர் மூலம் லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சல் பரவக்கூடும். எனவே, உணவை மூடிய டப்பாவில் வைப்பதும், கூண்டைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுவதும் கட்டாயம்.

எலியும் ஹாம்ஸ்டரும் பொதுவாக இரண்டு முதல் மூன்று ஆண்டுகளே வாழ்கின்றன. அந்தக் குறுகிய காலம் முழுவதையும் அவை கூண்டுக்குள்தான் கழிக்கின்றன. ஆகவே, முதலில் கூண்டுக்கான இடத்தை வீட்டில் அளந்து பார்த்துவிட்டு, பிறகு கடைக்குச் செல்வதே முறை.