தோல்வியறியாக் குதிரை

குதிரைப் பந்தயம் என்றவுடன் பந்தயச் சூதும் அதனாற் பொருளிழந்து குடிகெட்டோருமே நம்மிற் பலர்க்கு நினைவில் வருதல் இயல்பு. அச்சூதினைப் புகழ்வது இக்கட்டுரையின் கருத்தன்று. ஐம்பத்து நான்கு முறை ஓட விடப்பட்டு, ஐம்பத்து நான்கு முறையும் வென்ற ஓர் அங்கேரி நாட்டுப் பெட்டைக்குதிரையின் வரலாற்றையே ஈண்டுக் கூறப் புகுந்தேம். அதன் பெயர் கின்ச்செம். அங்கேரி மொழியில் 'என் செல்வமே' என்பது அதன் பொருள்.

பந்தயத்திற்கென்றே வளர்க்கப்படும் குதிரைகளைத் தரோபிரெட் சாதி என்பர். இங்கிலாந்து தேசத்துப் பெட்டைகளோடு, பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கீழ்நாடுகளினின்று கொணரப்பட்ட பொலிகுதிரைகளைச் சேர்த்து இச்சாதியை உண்டாக்கினர். இன்று உலகெங்கும் ஓடும் இச்சாதிக் குதிரைகள் யாவும் ஆண்வழியில் மூன்றே மூன்று பொலிகுதிரைகளின் சந்ததியாம். 1791-ஆம் ஆண்டு முதல் இவற்றின் வமிசாவளி புத்தகமாக அச்சிடப்பட்டு வருகின்றது. மனிதரிற் பேரரசர்க்கும் இத்துணைத் தெளிவான குலவரிசை கிடைப்பது அரிது.

கின்ச்செம் 1874-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17-ஆம் நாள், அங்கேரியிலுள்ள கிஷ்பேர் குதிரைப் பண்ணையிற் பிறந்தது. தந்தை காம்பஸ்கான் என்னும் ஆங்கிலப் பொலிகுதிரை, தாய் வாட்டர்நிம்ப். உரிமையாளர் எர்னோ பிளாஸ்கோவிச் என்பவர். அவர் ஓராண்டு நிறைந்த தம் குட்டிகளை ஒருங்கே விற்க முன்வந்தபோது, வாங்க வந்த பிரபு ஒருவர் ஏனையவற்றைக் கொண்டு, இரண்டை மட்டும் தரம் போதாவென்று தள்ளிவிட்டார் என்பர். தள்ளுண்ட இரண்டனுள் ஒன்று கின்ச்செம். நீண்ட உடலும் மெலிந்த தோற்றமும் கபில நிறமும் கொண்ட அக்குட்டியைப் பார்த்து ஏமாந்தவர் அவர் ஒருவரே அல்லர். இலாயத்தில் தலையைத் தொங்கவிட்டு உறங்குவதுபோல் நிற்கும் இயல்புடையது அது. ஓட்டம் தொடங்குமிடத்திலும் புல் மேய்ந்துகொண்டு நின்று பின்தங்கிப் புறப்படுவதுண்டாம்.

இராபர்ட் ஹெஸ்ப் என்னும் ஆங்கிலேயர் அதனைப் பழக்கினார். 1876-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இரண்டு வயதில், பெர்லின் நகரத்தில் முதலோட்டம். அவ்வாண்டிற் பத்து வெற்றிகள். மறு ஆண்டு பதினேழு. ஆஸ்திரிய டெர்பியும் அவற்றுள் அடங்கும். 1878-இல் பதினைந்து, 1879-இல் பன்னிரண்டு. சிலவற்றில் எதிர்த்தோட ஒருவரும் முன்வராமையால் தனியே ஓடி வென்றதும் உண்மையே. ஆயினும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்த் தூரத்திலும் வென்று, நான்கு கிலோமீட்டர்த் தூரத்திலும் வென்றதே பெருவியப்பு. குறுந்தூரத்திற்கு வேண்டிய வேகமும் நெடுந்தூரத்திற்கு வேண்டிய மூச்சுவலியும் ஒரே உடலில் அமைதல் அரிதினும் அரிது.

1878-ஆம் ஆண்டே அதன் புகழின் உச்சம். ஆபத்தின் உச்சமும் அதுவே. அக்காலத்தில் இங்கிலாந்து பந்தய உலகின் தலைநகர். மற்றை நாட்டுக் குதிரைகளை ஆங்கிலேயர் பெரிதாக மதிப்பதில்லை. ஆகஸ்டு முதல் நாள் குட்வுட் கோப்பைக்கு ஓடியவை மூன்றே குதிரைகள். கின்ச்செம் பேஜண்டு என்னும் ஆங்கிலக் குதிரையை வென்றது. பின்னர்ப் பிரான்சு சென்று டோவில் நகரப் பெரும்பரிசையும் பெற்றது. அங்கிருந்து ஜெர்மனியின் பாடன்-பாடன் நகருக்கு நெடும்பிரயாணம்.

பாடனில் அதற்கு முந்தின ஆண்டே பெரும்பரிசை வென்றிருந்தமையால் யாவரும் அதன் வெற்றியை ஐயுறவில்லை. ஆனால் முடிவெல்லையிற் கின்ச்செம்மும் பிரின்சு கைல்ஸ் என்னும் குதிரையும் ஒருசேர வந்து நின்றன. பழி சவாரியாளர்மேற் சுமத்தப்பட்டது. இவ்வாறு சமனாய் முடியின், பரிசைப் பகிர்ந்து கொள்ளலாம். அன்றேல் அன்றே மீண்டும் ஓடலாம் என்பது அக்கால வழக்கு. பகிர்ந்திருந்தால் தோல்வி என்னும் பெயர் வாராது. மீண்டும் ஓடித் தோற்பின் அதுகாறும் ஈட்டிய புகழெல்லாம் குலையும். பிளாஸ்கோவிச் மீண்டும் ஓடவே துணிந்தார். களைத்திருந்த கின்ச்செம் இரண்டாம் முறை எதிரியைப் பின்னே விட்டு எளிதாக வென்றது. 1879-இலும் அப்பரிசை மூன்றாம் முறை பெற்றது.

இப்பிரயாணங்களிற் பெரும்பகுதியை அது இரயில்வண்டியிற் சென்றது. உடன் செல்ல ஒரு பூனையும், பிராங்கி என்னும் குதிரைக்காரனும் வேண்டும். இங்கிலாந்தினின்று திரும்புகையிற் பூனை காணாமற்போக, அது வந்து சேருமளவும் கின்ச்செம் வண்டியேற மறுத்து நின்றதாம். ஒரு குளிரிரவிற் போர்வையின்றி உறங்கிய பிராங்கியின்மேல் தன் போர்வையை வாயாற் பற்றி இழுத்துப் போட்டது என்றும் கூறுவர். இவற்றுள் வரலாறு எவ்வளவு, அன்பினாற் புனைந்தது எவ்வளவு என்று பிரித்தல் எளிதன்று.

ஓட்டத்தினின்று விலகியபின் கின்ச்செம் தாய்க்குதிரை ஆயிற்று. பொலிகுதிரை ஓராண்டிற் பல குட்டிகளுக்குத் தந்தையாகலாம். பெட்டையோ பதினொரு மாதம் சுமந்து ஒன்றையே ஈனும். ஆகலின் ஒரு பெட்டையின் பேராற்றல் அடுத்த தலைமுறைக்குச் செல்லும் வாயில் மிகக் குறுகியது. கின்ச்செம் ஈன்றவை ஐந்தே. 'புடாவின் முத்து' என்று பொருள்படும் பெயருடைய முதற்பெண் 1885-இல் ஜெர்மானிய டெர்பியை வென்றது. இரண்டாம் பெண்ணுக்கு 'அதுபோல் வேறில்லை' என்று பெயர். பின்னர் ஆண்குட்டிகள் இரண்டு; இறுதியில் 1887-இற் பிறந்த பெண்ணுக்குச் 'செல்வம்' என்றே பெயர்.

அவ்வாண்டு மார்ச்சு 17-ஆம் நாள், தன் பதின்மூன்றாம் பிறந்தநாளிலேயே, கின்ச்செம் வயிற்றுச் சூலையால் மடிந்தது. குதிரையின் உடலமைப்பு இந்நோய்க்கு இடந்தருவது. அதன் குடல் மிக நீண்டது. வாந்தி செய்யவும் அதனால் இயலாது. குடலில் அடைப்போ முறுக்கோ நேரின் உட்சென்றது வெளியேற வழியின்றி வருந்தும். அந்நாளில் மருத்துவரால் ஆவது சிறிதே. சில வாரங்களில் ஹெஸ்பும் இறந்தார். அதன் எலும்புக்கூட்டைப் புடாபெஸ்டு நகர வேளாண்மைக் காட்சிசாலையிற் காணலாம். அந்நகரப் பந்தயவெளிக்கும் அதன் பெயரையே இட்டனர்.

1950-க்குப் பின் போர்ட்டோ ரிக்கோ நாட்டுக் காமரேரோ என்னும் குதிரை தொடர்ச்சியாக ஐம்பத்தாறு ஓட்டங்களை வென்றது. ஆயினும் பின்னர்த் தோற்றது. ஆஸ்திரேலியாவின் பிளாக் கேவியர் என்னும் பெட்டை ஒருமுறையும் தோற்காமல் 2013-இல் ஓய்வுபெற்றபோது அதன் வெற்றிகள் இருபத்தைந்து.

உலகப் போர்கள் இரண்டும் அங்கேரிக் குதிரைப் பண்ணைகளைப் பெரிதும் அழித்தன. ஆயினும் கின்ச்செம்மின் பெண்வழி அறவே அற்றுப்போகவில்லை. அவ்வழியில் வந்த பாலிகமி என்னும் பெட்டை 1974-இல் இங்கிலாந்தின் ஓக்ஸ் பந்தயத்தை வென்றது. அதன் உடன்பிறந்தாளின் வழிவந்த கேமலட் 2012-இல் இரண்டாயிரம் கினி பந்தயத்தையும் டெர்பியையும் வென்று, முப்பெரு வெற்றிக்கு எஞ்சிய செயிண்டு லெஜர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தது.