அழித்தலும் பிரதிகளும்

சீனன்குடாவிலும் அதைச் சூழ்ந்த திருகோணமலைக் கிராமங்களிலும் யுத்தகாலத்தைக் கடந்துவந்த முதியவர்களிடம், ஒரு படத்தையோ கடிதத்தையோ உலகத்திலிருந்து அடியோடு அகற்றுவது எப்படி என்று கேட்டால், அவர்கள் அடுப்பைத்தான் காட்டுவார்கள். தேடுதலுக்கு வருகிறார்கள் என்ற செய்தி பரவிய இரவுகளில் எத்தனையோ குடும்பங்கள் தம் ஆல்பங்களையும் கடிதக் கட்டுகளையும் அக்கினிக்குக் கொடுத்தன. அப்படிக் கொடுத்தவை மனித ஞாபகத்தில் அன்றி வேறெங்கும் எஞ்சவில்லை. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது எரிந்த எண்ணெய்க் குதத்தின் சிதைவு இன்றும் சீனன்குடாவில் கிடக்கிறதே என்று கேட்கலாம். இரும்புக்கு அந்தப் பாக்கியம் உண்டு, காகிதத்துக்கு இல்லை.

இன்று அதே ஊரில் கைத்தொலைபேசியோடு வளரும் பிள்ளைக்கு அந்த அடுப்பு வாய்க்கவில்லை. முகநூலில் இட்ட ஒன்றை நீக்கியதும் அது கண்ணிலிருந்து மறைகிறது என்பது உண்மையே. ஆனால் இயந்திரம் பழுதடைந்தாலும் தரவு கெடலாகாது என்பதற்காக நிறுவனங்கள் ஒவ்வொன்றையும் பல இடங்களில் பிரதி செய்து வைத்திருப்பதால், கணக்கையே ஒருவர் மூட விரும்பினாலும், மனம் மாறித் திரும்புவோருக்கென 30 நாட்கள் பொறுத்து, அதன்பின் யாவற்றையும் அகற்றி முடிக்க 90 நாட்கள் வரை செல்லலாம் என்று முகநூல் நிறுவனமே அறிவித்திருக்கிறது. இந்தப் பிரதிகளைக் குறைகூறுவதற்கும் இல்லை. 2023 இல் இலங்கை அரசின் கணினித் தொகுதியைக் கப்பம் கோரும் தீநிரல் தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான அரச மின்னஞ்சல்கள், மாற்றுப் பிரதி இல்லாத ஒரே காரணத்தால், மீட்க முடியாமல் அழிந்தன. காக்க வேண்டியதைக் காக்கத் தெரியாத நாட்டில், மறைய வேண்டியது மட்டும் சாசுவதமாக நிற்கிறது!

நிறுவனத்திடம் உள்ள பிரதி ஒருநாள் போய்விடும் என்றே வைத்துக்கொள்வோம். பிறர் கையில் உள்ளதன் கதி என்ன? வாட்ஸ்அப்பில் அனுப்பியதை எல்லோரிடமிருந்தும் நீக்குவதற்கு இரண்டு நாட்களுக்குச் சற்று அதிகமான அவகாசம் உண்டு. ஸ்கிரீன்ஷொட் எடுப்பதற்கோ ஒரு கணம் போதும். யாரும் எடுக்காவிட்டாலும், 1996 இல் அமெரிக்காவில் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற காப்பகங்கள் உலகத்தின் இணையப் பக்கங்களை ஓயாமல் சேகரித்து வருகின்றன.

சட்டம் உதவாதா? உதவும், ஓர் எல்லைவரை. 2014 மே மாதத்தில் ஐரோப்பிய நீதிமன்றம், 1998 இல் ஒரு ஸ்பானியப் பத்திரிகையில் வெளியான ஏல அறிவித்தலை, சம்பந்தப்பட்டவரின் பெயரைத் தேடும்போது காட்டலாகாது என்று கூகிளுக்கு விதித்தது. அறிவித்தலோ பத்திரிகையின் தளத்தில் இருந்தபடியே இருந்தது. இலங்கையிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம் தரவை அழிக்கும்படி கோரும் உரிமையைக் குடிகளுக்கு அளிக்கிறது. அதன் பிரதான பகுதிகளை 2025 மார்ச்சில் நடைமுறைப்படுத்த முதலில் குறித்த நாள் ஒத்திவைக்கப்பட்டது. அதைவிட முக்கியமான விஷயம், முற்றிலும் சொந்த, குடும்பத் தேவைக்காக ஒருவர் வைத்திருக்கும் தரவுக்கு அச்சட்டம் பொருந்தாது என்பதே. ஆகவே நிறுவனத்தை எட்டும் அதன் கரம், மச்சானின் தொலைபேசியில் கிடக்கும் படத்தை எட்டாது.

இதனால் மனம் சலித்து, எதையும் எவரும் எப்போதும் அழிக்கக்கூடிய ஓர் உலகத்தை விரும்புவோருக்குத் திருகோணமலையிலேயே பதில் இருக்கிறது. 2006 ஜனவரி 2 ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் வைத்திருந்த கைக்குண்டே வெடித்தது என்று படைத்தரப்பில் முதலில் சொல்லப்பட்டது. அது துப்பாக்கிச் சூடு என்பதை உலகறியச் செய்தவை, சுடர் ஒளி பத்திரிகையாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்களே. அந்த ஜனவரி 24 ஆம் திகதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள். படங்களைக் கொல்ல முடியவில்லை. அவை அதற்குள் பல கைகளுக்குப் போய்விட்டன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களில் வேறு பிரதி இல்லாதவை மீளவே இல்லை என்ற துயரத்தை அறிந்த சமூகம், 2005 முதல் ‘நூலகம்’ என்ற இணையத் தளத்தில் தன் ஏடுகளை மின்பிரதியாக்கி வருவதும், பல கைகளில் இருப்பது எளிதில் அழியாது என்ற அதே நம்பிக்கையினால்தான். வாலிபனின் அசட்டுப் படத்தையும் கொலையின் சாட்சியத்தையும் பிரித்தறியும் விவேகம் இயந்திரத்துக்கு இல்லை.

முற்றாக அழிப்பது நம் கையில் இல்லை என்பதற்காக, அழிக்கும் பிரயத்தனத்தையே கைவிட வேண்டியதில்லை. தேடுவோர் கண்ணில் படாமற் செய்வதே பெரும்பாலானவர்களுக்குப் போதுமான நிவாரணம். உங்கள் அந்தரங்கப் படத்தை வேறொருவர் பரப்பியிருந்தால், ஆத்திரத்தில் அவரோடு வாதாடித் தடயத்தை இழந்துவிடாதீர்கள். அந்தப் பக்கத்தின் இணைய முகவரியையும் கண்ட திகதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, முதலில் அந்தத் தளத்துக்கும் பின்னர் பொலிஸாருக்கும் முறைப்பாடு செய்யுங்கள்.