அப்பா சொத்தும் சொந்தச் சம்பளமும்

விருதுநகர், சிவகாசி வட்டாரத்துத் தொழில் குடும்பங்களில் இன்று இரண்டு வகைப் பணம் ஒரே வீட்டில் புழங்குகிறது. தாத்தா காலத்து ஆலை, கிட்டங்கி, கடைக் கட்டடம், நிலம், கூட்டு நிறுவனப் பங்கு ஆகியவற்றிலிருந்து வருவது ஒன்று. சென்னையிலோ பெங்களூரிலோ அமெரிக்காவிலோ மருத்துவராகவும் மென்பொருள் பொறியாளராகவும் ஆடிட்டராகவும் இருக்கும் பிள்ளைகளின் வங்கிக் கணக்கில் மாதம் தவறாமல் விழுவது மற்றொன்று. இரண்டாவதை 'நான் சம்பாதித்தது' என்று சொல்ல யாருக்கும் தயக்கமில்லை. முதலாவதைப் பற்றிய பேச்சில்தான் சுருதி மாறும். சிலருக்கு அது பெருமை, சிலருக்குச் சுமை, சிலருக்கு அலுவலக நண்பர்களிடம் சொல்லிக்கொள்ள விரும்பாத சலுகை.

குடும்பச் சொத்தைப் பற்றிய ஊரின் எண்ணம் அந்தச் சொத்து உண்டான விதத்தோடு பிணைந்தது. இது ஜமீன் வழி வந்த செல்வம் அன்று. மானாவாரிக் கரிசல் காட்டில் நிலத்தை நம்பிப் பெரும் பணக்காரர் ஆனவர்கள் குறைவு. 19ஆம் நூற்றாண்டில் தெற்கேயிருந்து வணிகத்துக்காக வடக்கே நகர்ந்த நாடார் குடும்பங்கள் விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி ஆகிய ஊர்களில் காலூன்றின. கருப்பட்டி, பருத்தி, வத்தல், மல்லி, எண்ணெய் என்று வியாபாரம் விரிந்தது. 1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பும், அதிலிருந்து பட்டாசும், லேபிள் தேவையிலிருந்து அச்சகங்களும் வளர்ந்தன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெளிநாட்டுச் சரக்கு வரத்து நின்றதும் பட்டாசு ஆலைகள் வேகம் பிடித்தன. இன்று நாட்டின் பட்டாசில் மிகப் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில்தான் உற்பத்தியாகிறது.

ஆகவே இங்குள்ள 'பூர்வீகச் சொத்து' பலவற்றுக்கு வயது நூறைத் தாண்டாது. அதைத் தொடங்கியவரை நேரில் பார்த்த பெரியவர்கள் சில வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். தாத்தா தலைச்சுமையாகச் சரக்கு விற்ற கதை, கடையில் படுத்துறங்கிய கதை, வெளியூர் போய்த் தொழில் படித்த கதை ஆகியவை ஒவ்வொரு குடும்பத்திலும் சொல்லப்படுகின்றன. இக்கதைகளுக்கு ஒரு வேலை உண்டு. தாத்தாவின் உழைப்பைச் சொல்லியே பேரனின் உரிமைக்கு நியாயம் தேடப்படுகிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்தபோது மக்களிடம் அதிக வருத்தம் எழவில்லை. அந்தச் சொத்துக்குப் பின்னால் வியர்வை இருந்ததாக யாரும் நம்பவில்லை. சிவகாசி முதலாளியின் சொத்தைப் பற்றி ஊரார் அப்படிப் பேசுவதில்லை.

வாரிசுகளிலும் ஊர் தரம் பிரிக்கிறது. அப்பாவுக்குப் பின் ஆலைக்குப் போய் உட்கார்ந்து, வட இந்திய வியாபாரிகளிடம் ஆர்டர் பிடித்து, தீபாவளி முடிந்ததும் வசூலுக்கு அலைகிறவரை 'தொழிலைப் பார்க்கிறார்' என்பார்கள். அதில் மரியாதை இருக்கிறது. வாடகையும் வட்டியும் வாங்கிக் காலம் தள்ளுகிறவருக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. பரம்பரைப் பணத்தை இங்கே யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. அதன்மேல் சும்மா உட்கார்வதுதான் குறை. வினோதம் என்னவென்றால், இதே விருதுநகரில் பிறந்து, ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்து, 1975இல் சொத்து ஏதும் சேர்க்காமல் மறைந்த காமராஜரையும் ஊர் அதே அளவு கொண்டாடுகிறது. பிள்ளைகளுக்குச் சேர்த்து வைத்தவரும் எதையுமே சேர்க்காதவரும் ஒரே ஊரின் பெருமை.

படித்து வெளியே போன தலைமுறையின் பார்வை இதிலிருந்து சற்று விலகியது. மாதச் சம்பளம் உயர உயர, தன் வாழ்க்கைக்குத் தன் மூளையே காரணம் என்ற எண்ணமும் வலுக்கிறது. ஆனால் படிக்க வைத்த பணம் யாருடையது? இந்தக் கேள்வி இந்திய நீதிமன்றங்களில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது. கூட்டுக் குடும்பத்தின் செலவில் சிறப்புக் கல்வி பெற்றவர் சம்பாதித்தால் அந்தச் சம்பாத்தியத்தில் அண்ணன் தம்பிகளுக்கும் பங்கு உண்டு என்பது பழைய இந்து சட்டத்தின் நிலை. சென்னை மாகாணத்தில் வக்கீல்களும் அரசு அதிகாரிகளும் பெருகிய 1890களில், சட்ட அறிஞர் வி. பாஷ்யம் அய்யங்கார் இதை மாற்ற மாகாண சட்டசபையில் ஒரு மசோதா கொண்டு வந்தார்; கடும் எதிர்ப்பு கிளம்பியது, ஆளுநரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 1921இல் லண்டன் பிரிவி கவுன்சில், குடும்பப் பணத்தில் இங்கிலாந்து சென்று ஐ.சி.எஸ். ஆன ஒருவரின் வருமானம் குடும்பச் சொத்தே என்று தீர்ப்புச் சொன்னது. உயர்பதவி வகித்த இந்துக்கள் கலங்கிப் போனார்கள். 1930இல் இந்துக் கல்விவழி ஈட்டம் பற்றிய சட்டம் நிறைவேறிய பிறகுதான் வழக்கு ஓய்ந்தது: படிக்க வைத்தது குடும்பமே ஆனாலும், படிப்பால் வரும் வருமானம் படித்தவருக்கே சொந்தம்.

இன்று ஐந்திலக்கமோ ஆறிலக்கமோ சம்பளம் வாங்கும் ஒருவர் அதைத் தன் தனிச் சொத்தாக நினைப்பது இந்தச் சட்டத்தின் மேல் நிற்கும் நினைப்பு. சட்டம் தீர்த்ததைக் குடும்பம் முழுதாக ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. ஒரு மகனை மருத்துவம் படிக்க வைத்து, இன்னொரு மகனை ஆலையில் உட்கார வைத்த வீடுகளில், பாகப்பிரிவினை நாளில் பழைய கணக்கு எழுந்து நிற்கும். 'உன் படிப்புக்குச் செலவு பண்ணியாச்சே, ஆலை தம்பிக்குத்தானே' என்பது அண்ணனிடம் சொல்லப்படும் வாதம். 1921ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சாரமும் ஏறக்குறைய இதுதான்.

பெண்கள் விஷயத்தில் இந்தக் கணக்கு இன்னும் கோணலாகப் போடப்பட்டது. நகையும் சீரும் கொடுத்தாயிற்று, ஆகவே சொத்தில் பேச்சில்லை என்பது நெடுநாள் வழக்கம். தமிழ்நாடு 1989லேயே சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு தந்தது. அதற்கு முன் திருமணமானவர்கள் விடுபட்டார்கள். 2005இல் மத்தியச் சட்டம் அந்த வேறுபாட்டைப் போக்கியது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், 2005இல் தந்தை உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது மகளின் பங்கைப் பாதிக்காது என்று தெளிவாக்கியது. இருந்தும் அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் பெண்கள் உண்டு. நல்ல சம்பளம் வாங்கும் பெண்ணிடம், 'உனக்கென்னம்மா குறை, தம்பிக்கு விட்டுக்கொடு' என்று சொல்வது இப்போது எளிதாகிவிட்டது. இதே வாதத்தை நல்ல சம்பளம் வாங்கும் மகனிடம் யாரும் இவ்வளவு கூசாமல் சொல்வதில்லை.

அரசின் பார்வைக்கு வருவோம். சம்பளத்துக்கு வரி உண்டு. உயிலாலோ வாரிசு முறையாலோ வரும் சொத்துக்கு வருமான வரி கிடையாது. 1953இல் எஸ்டேட் வரி என்ற பெயரில் இறந்தவரின் சொத்துக்கு வரி கொண்டுவரப்பட்டது. உச்ச விகிதம் 85 சதவீதம் வரை ஏறியது. ஆனாலும் வசூல் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கோடி ரூபாய்தான். வரவை விடத் தொல்லை பெரிது என்று நிதியமைச்சர் வி.பி. சிங் 1985 மார்ச் 16 முதல் அதை நீக்கினார். அதற்கு முந்தின நாள்தான் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து விருதுநகர் தனி மாவட்டமானது. எஸ்டேட் வரியை ஒரே நாள் மட்டும் அறிந்த மாவட்டம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். நன்கொடை வரி 1998இலும், செல்வ வரி 2015இலும் போயின. பிரிட்டனில் 3,25,000 பவுண்டுக்கு மேற்பட்ட சொத்துக்கு 40 சதவீதம், ஜப்பானில் உச்சமாக 55 சதவீதம் வாரிசு வரி இருப்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

பத்திரப்பதிவு அலுவலகத்திலும் இதே சாய்வு உண்டு. தமிழ்நாட்டில் சம்பளப் பணத்தில் வீடு வாங்குகிறவர் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து வழிகாட்டி மதிப்பில் 9 சதவீதம் கட்ட வேண்டும். அதே வீட்டை அப்பா மகனுக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம். 2023 ஜூலையில் திருத்தியபடி உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 10,000. ஒரு கோடி ரூபாய் வீட்டை உழைத்து வாங்கினால் 9 லட்சம்; பெற்றால் அரை லட்சம்.

இந்த வேறுபாட்டால் அதிகம் இழப்பவர்கள் சம்பளக்காரர்கள். ஆனால் வாரிசு வரி என்ற பேச்சு எழுந்தால் முதலில் எதிர்ப்பவர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் இந்தப் பேச்சு அடிபட்டபோது அநேகமாக எல்லாக் கட்சிகளும் அதிலிருந்து விலகி நின்றன. சம்பளக்காரர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று: ஒருமுறை வரி கட்டிய பணத்துக்கு மறுபடி வரியா, அப்பா பட்ட பாடு வீணாவதா, நாம் பிள்ளைகளுக்குச் சேர்ப்பது என்ன ஆவது. முதல் காரணம் பாதிதான் சரி. தாத்தா சில ஆயிரத்துக்கு வாங்கிய நிலம் இன்று சில கோடி மதிப்புப் பெற்றிருந்தால் அந்த உயர்வுக்கு இதுவரை யாரும் வரி கட்டியதில்லை. விற்கிற நாளில்தான் அது வரிக்கு உட்படும். மூன்றாவது காரணமே உண்மையில் வலுவானது. முதல் தலைமுறையாக நிறையச் சம்பாதிக்கிறவர் தன்னை வாரிசாக எண்ணிப் பார்ப்பதில்லை. நாளைக்கு விட்டுச்செல்லப் போகிறவராக எண்ணுகிறார்.

பட்டாசு ஆலையைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கல். இது வீடு போலக் கைமாறும் சொத்து அல்ல. வெடிபொருள் உரிமம் தனி; அப்பா இறந்ததும் தானாகப் பிள்ளைக்கு வந்துவிடாது. விபத்து நடந்தால் வழக்கு உரிமதாரரையும் போர்மேனையும் தேடி வரும். 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்துப் பசுமைப் பட்டாசு மட்டுமே கூடும் என்ற பின், தொழிலின் நாளைய நிலை உறுதியில்லாமல் ஆனது. வெளியூரில் நிம்மதியான சம்பளம் வாங்கும் மகனோ மகளோ, ஆலையின் லாபத்தில் பங்கு வேண்டும், உரிமத்தில் பெயர் வேண்டாம் என்று நினைப்பதில் வியப்பில்லை. சொத்தை ஏற்று ஆபத்தைத் தள்ளும் இந்த மனநிலை நியாயமா என்று கேட்கத்தான் வேண்டும்.

இந்த ஊர்களில் பரம்பரைச் செல்வத்துக்கு வேறொரு வடிவமும் உண்டு. சம்பளக்காரர்கள் அதைத் தம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. உறவின்முறை எனப்படும் நாடார் சமூக அமைப்புகள் வியாபாரிகளிடம் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை பிரித்தன. பேட்டை, கிணறு, கோயில், பள்ளி எல்லாம் அந்தப் பொதுப்பணத்தில் எழுந்தன. காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் பெண்கள் உலையில் போடுமுன் எடுத்து வைத்த பிடி அரிசி உதவியது. 1947இல் செந்திக்குமார நாடார் கல்லூரி, 1962இல் வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி, 1963இல் சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, 1984இல் மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி என்று வரிசை நீள்கிறது. இந்த வகுப்பறைகளில் படித்துப் பெரிய சம்பளத்துக்குப் போனவருக்கு, அப்பா சல்லிக்காசு விட்டுப் போகாவிட்டாலும், ஊர் ஒரு சொத்தை விட்டுப் போயிருக்கிறது. மகமை சரக்கின் மேல் விழுந்த பங்கு. மூட்டை தூக்காத சம்பளத்தின் மேல் அது விழுவதில்லை. கல்வியால் உயர்ந்தவர்கள் பெருகப் பெருக, அந்தக் கல்விக்கு வழிசெய்த முறைக்குள் வராதவர்களும் பெருகினார்கள்.

ஆலைக்குள் மருந்து செலுத்தியும் திரி வெட்டியும் இந்தச் செல்வத்தில் பாதியை உண்டாக்கியவர்களின் வீட்டில் பேச்சு வேறு. அங்கே பிள்ளைக்கு வருவது பெரும்பாலும் முன்பணக் கடனும் ஓட்டு வீடும். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டார்கள். அதன் பின்னும் விபத்துகள் நிற்கவில்லை. அந்த வீடுகளிலிருந்தும் பொறியாளர்கள் வந்திருக்கிறார்கள். ஒரே அலுவலகத்தில், ஒரே சம்பளத்தில், முதலாளி வீட்டுப் பிள்ளையும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் அடுத்தடுத்து உட்காரலாம். ஒருவருக்கு வீட்டுக்கடன் இல்லை, அப்பா அம்மாவுக்கு மாதம் பணம் அனுப்ப வேண்டியதும் இல்லை. சொந்தத் திறமை என்ற பேச்சு பாதி உண்மையாவது இங்கேதான்.

பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்விச் செலவை உயர்கல்வி வரை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். முதற்கட்டமாக மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் 5 கோடி ரூபாய் நிதி ஒதுக்கப்படும் என்றும் சொல்லப்பட்டது. அந்தச் செலவை அரசு மட்டும் சுமக்க வேண்டியதில்லை. ஆலைப் பணத்திலும் ஊர்க் கல்லூரியிலும் படித்து வெளியூரில் செழித்திருப்பவர்கள், தாத்தா சரக்குக்குக் கொடுத்த பங்கைத் தங்கள் சம்பளத்திலிருந்து இதற்குக் கொடுக்கலாம்.